பட்டையில் தெரியும் கோடும் அதைப் படிக்கும் கைபேசியும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஆறு ஏஆர்டி கருவிகள், அதாவது கொவிட் தொற்றை வீட்டிலேயே கண்டறியும் கருவிகள், தபாலில் வரத் தொடங்கின. அதற்குள் மருந்துக்கடைகளிலும் அவை விற்பனைக்கு வந்திருந்தன. பள்ளிப் பிள்ளைகள் முதல் தாத்தா பாட்டி வரை எல்லாரும் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றினார்கள், திரவத்தில் கலக்கினார்கள், சொட்டு விட்டுக் காத்திருந்தார்கள். சி என்ற எழுத்துக்கு நேரே மட்டும் கோடு வந்தால் நிம்மதி. டி என்ற எழுத்துக்கு நேரேயும் வந்தால் வீட்டுக்குள் தனிமை. டி கோடு வந்தும் வராததுமாக மங்கலாகத் தெரிந்தபோதுதான் குழப்பம். உடனே படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது கோடா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?" என்று கேட்டவர்கள் நம்மில் ஏராளம்.

நோயறிதலில் கைபேசி நுழைந்ததற்கு இத்தகைய குழப்பமும் ஒரு காரணம். கண்ணால் பார்ப்பவர் "இருக்கிறது" என்பார், அல்லது "இல்லை" என்பார். கேமராவால் கோடு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளந்து சொல்ல முடியும். அந்த அளவு நம்பத்தக்கதாக இருந்தால், ஆய்வகம் தரும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஓர் எண்ணை வீட்டு மேசையிலேயே பெறலாம்.

இதைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் தூரத்தைப் பற்றியே பேசுகின்றன. மருத்துவமனைக்கு நாள்கணக்கில் பயணம் போக வேண்டிய கிராமங்களுக்கு இது வரம் என்கின்றன. உண்மைதான். ஆனால் சிங்கப்பூரில் எந்தப் பேட்டையில் குடியிருந்தாலும் மருத்துவரைப் பார்க்கும் மருந்தகம் பெரும்பாலும் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நம்முடைய குறை வேறு. ஒரு மருத்துவச் சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று மாதமோ ஆறு மாதமோ கழிந்துவிடுகிறது. அந்த நாள்களில் உடலுக்குள் நடப்பது யாருக்கும் தெரிவதில்லை. இங்கே கைபேசிச் சோதனைக்கு உண்மையான வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எதற்கெல்லாம் அது உதவும், எதற்கு உதவாது என்பதும் அதிலிருந்தே தெளிவாகும்.

முதலில் பட்டையைப் பார்ப்போம். நோய் இருப்பதையோ, வருவதையோ, தீவிரமாவதையோ காட்டிக்கொடுக்கும் ஒரு பொருள் இரத்தத்திலோ சிறுநீரிலோ எச்சிலிலோ இருந்தால் அதை உயிர்க்குறிப்பான் என்கிறார்கள். சர்க்கரை நோய்க்குக் குளுக்கோஸ், சிறுநீரகப் பழுதுக்கு ஆல்புமின், மாரடைப்புக்கு டிரோபோனின், டெங்கிக்கு என்எஸ்1 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஏஆர்டி போன்ற சோதனைப் பட்டையின் ஒரு முனையில் சொட்டு விட்டதும் திரவம் நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊறி முன்னே நகர்கிறது. வழியில் காய்ந்த நிலையில் காத்திருக்கும் நுண்ணிய தங்கத் துகள்களை அது கரைத்து இழுத்துச் செல்கிறது. அத்துகள்களின் மேல் நாம் தேடும் பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசப்பட்டிருக்கும். பொருள் இருந்தால் துகள் அதைப் பிடிக்கும். டி கோட்டில் ஒட்டப்பட்டிருக்கும் இன்னொரு எதிர்ப்புரதம் அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும். துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு சிவக்கும். தங்கம் மஞ்சளாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றலாம். மீட்டரில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு அளவுக்குச் சிறுத்துவிட்டால் தங்கம் சிவப்பாகத்தான் தெரியும். சி கோடு, திரவம் ஒழுங்காகக் கடைசி வரை ஓடியது என்பதற்குச் சாட்சி. அது வராவிட்டால் மற்றக் கோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

பொருள் கூடினால் கோடும் அடர்த்தியாகும். அந்த அடர்த்தியை எண்ணாக்குவதுதான் கைபேசியின் பணி. கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களைத் திணறடித்த இடமும் அதுதான்.

கைபேசிக் கேமரா அளவுக்கருவியாகச் செய்யப்பட்டதல்ல. அது கல்யாண வீட்டுப் புகைப்படக்காரரைப் போன்றது: உள்ளதை உள்ளபடி காட்டுவதைவிட, அழகாகக் காட்டுவதே அதன் தொழில். மஞ்சள் விளக்கின் கீழே எடுத்தால் வெண்மையைச் சரிசெய்துவிடும். நிழலைத் தூக்கிக் காட்டும், ஓரங்களைக் கூர்மையாக்கும், கோப்பைச் சுருக்கும்போது நுண்ணிய நிற வேறுபாடுகளை வீசியெறியும். நாம் தேடுவதோ வெளிர் தாளின் மேல் கண்ணுக்கு எட்டாத இளஞ்சிவப்பு. ஒரே பட்டையை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டின் சமையலறைக் குழல்விளக்கின் கீழேயும், தாழ்வாரத்து வெயில் வெளிச்சத்திலும், படுக்கையறை விளக்கின் அருகிலும் படமெடுத்தால் மூன்று விதமான சிவப்பு கிடைக்கும். கைபேசி மாறினால் அதுவும் மாறும். அதே கைபேசியில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும் மாறக்கூடும்.

இதற்கு ஆய்வாளர்கள் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். பட்டையின் பக்கத்தில் நிறங்கள் அச்சிட்ட அட்டையை வைத்து இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால், அட்டையின் நிறம் எவ்வளவு பிசகியிருக்கிறதோ அவ்வளவையும் செயலி பட்டையிலிருந்து கழித்துவிடும். வெளி வெளிச்சமே படாதபடி சிறிய கறுப்புப் பெட்டிக்குள் பட்டையைச் செருகி உள்விளக்கில் படமெடுப்பது இன்னொரு வழி. டி கோட்டைத் தனியாகப் பார்க்காமல், சி கோட்டோடும் வெற்றுத் தாளோடும் ஒப்பிட்டு விகிதமாகச் சொல்வதும் உண்டு. இவற்றில் எதுவுமே இல்லாமல் "படம் எடுங்கள், முடிவு சொல்கிறோம்" என்னும் செயலியை நான் நம்பமாட்டேன்.

படமே வேண்டாம், மின்சாரத்தால் அளப்போம் என்று போனவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை அளக்கும் கருவியின் வேர் 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனையில் இருக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, அதில் எழும் மின்னோட்டத்தை அளக்கும் முறை அது. 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாமுவேல் சியா குழு, கைபேசியின் காதுகேள்பொறித் துளையில் செருகும் ஒரு சிறு கருவியை ருவாண்டாவில் சோதித்தது. விரல்நுனி இரத்தத்தில் எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்குமான எதிர்ப்புரதங்களை 15 நிமிடத்தில் அது காட்டியது. செய்வதற்கான செலவு 34 அமெரிக்க டாலர், வேண்டிய மின்சாரமும் கைபேசியிலிருந்தே. மறு ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் அந்தத் துளையையே நீக்கிவிட்டது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மருத்துவக் கருவி பத்து ஆண்டு உழைக்க வேண்டும், கைபேசியோ இரண்டு மூன்று ஆண்டுகளில் உருமாறிவிடுகிறது. இந்தத் துறையின் நல்ல கண்டுபிடிப்புகள் பல ஆய்விதழோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும் சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. 2016இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவுக்கு எதிரான போரையே அறிவித்தார். பிந்தைய ஆய்வுகளிலும் இன இடைவெளி மறையவில்லை. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம். இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்துக்கு மூன்று நாள் போய்வரும் ஒரு மாமாவோ அத்தையோ இல்லாத தமிழ்ச் சுற்றம் இங்கே குறைவு. ஆகவே இந்தத் தொழில்நுட்பம் யாருக்கு என்று கேட்டால், நமக்குத்தான் என்பேன்.

சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும் உறுப்பு. வலி கிடையாது, வீக்கம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் வடிகட்டி பழுதாகத் தொடங்கும் முதல் கட்டத்திலேயே ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கிறது. அதை மட்டும் அளந்தால் போதாது. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், குடிக்காதவருடையது அடர்ந்திருக்கும். கிரியேட்டினின் என்னும் கழிவு மட்டும் ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறுவதால் அதோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்கிறார்கள். ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 3 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 30ஐத் தாண்டினால் நிலை கடுமை.

2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இஸ்ரேலின் ஹெல்தி.ஐஓ நிறுவனத்துடைய சோதனை ஒன்றுக்கு அனுமதி தந்தது. வீட்டிலேயே சிறுநீரில் பட்டையைத் தோய்த்து, நிற அட்டையின் மேல் வைத்து, கைபேசியால் படமெடுத்தால் செயலி இந்த விகிதத்தைச் சொல்லிவிடும். இதன் அருமை வேகத்தில் இல்லை. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு இவற்றில் எது இருந்தாலும் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். அதனால்தான் ஒரே ஒரு முடிவை வைத்து யாரையும் சிறுநீரக நோயாளி என்று சொல்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை சோதித்து, இரண்டிலாவது உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று முறை விடுப்பு எடுத்து மருந்தகத்துக்குப் போவதற்கும், மூன்று காலைப் பொழுதில் வீட்டுக் குளியலறையிலேயே முடித்துவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை வேலைக்குப் போகிறவர்கள் அறிவார்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய சோதனை எதுவோ, அதுவே கைபேசிக்கு ஏற்ற சோதனை.

கால் புண்ணும் அப்படித்தான். நீண்டகால நீரிழிவு நரம்புகளை மரக்கச் செய்துவிடுவதால் புண் வலிப்பதில்லை. கட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை அது ஆறுகிறதா, அழுகுகிறதா என்பது தெரியாது. பிரிக்கப் பிரிக்க ஆறுவதும் தள்ளிப்போகிறது. 2023இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் ஏ-ஸ்டார் என்னும் அரசு ஆய்வு அமைப்பின் மூலப்பொருள் ஆய்வு, பொறியியல் கழகமும் சேர்ந்து, ஐந்து இதழ்ப் பூ வடிவில் காகிதம் போன்ற ஓர் ஒட்டுப்பட்டையை வெளியிட்டன. மின்கலம் கிடையாது. வெப்பநிலை, ஈரம், அமில காரத் தன்மை, யூரிக் அமிலம், டிரைமெத்திலமீன் ஆகிய ஐந்தையும் ஐந்து இதழ்களும் நிறம் மாறிக் காட்டும். கைபேசியில் படம் எடுத்தால், புண் ஆறுகிறதா இல்லையா என்பதைச் செயற்கை நுண்ணறிவு பிரித்துச் சொல்லும். ஆய்வில் 97 விழுக்காடு வரை அது சரியாகச் சொன்னதாகக் குழு அறிவித்தது. ஆய்வுக்கூடத்தின் 97 வீட்டில் எவ்வளவாகும் என்பதை நோயாளிகளிடம் நீண்ட நாள் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். ஆனாலும் கட்டை அவிழ்க்காமல் தினமும் பார்க்கலாம் என்னும் எண்ணமே, கால் இழப்பை நேரில் கண்ட குடும்பங்களுக்குப் பெரிது.

இப்போது எச்சரிக்கைகள். நன்கு பழகிய விரல்குத்துச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 15197 என்னும் பன்னாட்டுத் தரத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, நூறு அளவீடுகளில் 95, ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். லிட்டருக்கு 5.55 மில்லிமோலுக்குக் கீழே என்றால் 0.83க்குள். அதாவது உண்மையில் 10 இருந்தால் கருவி 8.5 என்றும் காட்டலாம், 11.5 என்றும் காட்டலாம். இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. உண்மையில் 4 இருந்தால் 3.2 முதல் 4.8 வரை எதுவும் வரலாம். தாழ்சர்க்கரையின் எல்லைக்கோடு 4 என்பதால், எண் 4.5 காட்டினாலும் கை நடுங்கி வியர்த்தால் உடலைத்தான் நம்ப வேண்டும்.

கருவிக்கு முன்னால் கை இருக்கிறது. மாம்பழம் நறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு விரலைக் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்தே அளக்கப்படும். கிருமிநாசினியில் துடைத்தால் அது முழுவதும் போவதில்லை. குழாய் நீரில் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். சொட்டு வரவில்லையென்று விரலைப் பிழிந்தெடுத்தால் திசு நீர் கலந்து எண் பிசகும். பட்டைகள் இருக்கும் புட்டியைத் திறந்தே வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அவற்றைக் கெடுத்துவிடும். இந்த ஈரப்பதமும் வெயிலில் நிற்கும் காரின் சூடும், குளிர்நாட்டில் செய்த சோதனைகளின் முடிவை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்குப் போதுமான காரணங்கள்.

தோலின் நிறமும் ஒரு விஷயம். ஒளியால் அளக்கும் கருவிகளில் இதை மறக்கக் கூடாது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் குறைவைக் கவனிக்கத் தவறுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. அதே ஆண்டில்தான் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் தமிழ் ஊழியர்களின் விரல்களிலும் அத்தகைய கருவிகள் மாட்டப்பட்டன. நகத்தைப் படமெடுத்து இரத்தச் சோகையைக் கணிக்கும் கைபேசிச் செயலியை 2018இல் எமரி பல்கலைக்கழகக் குழு வெளியிட்டபோது, நகத்தடியில் நிறமி இல்லை என்பதாலேயே அவ்விடத்தைத் தேர்ந்ததாகச் சொன்னது. அந்த அக்கறை எல்லாக் கருவிக்காரர்களுக்கும் இருக்க வேண்டும். "எந்தத் தோல் நிறத்தவர்களிடம் சோதித்தீர்கள்?" என்று நாம் கேட்பது நியாயமான கேள்வி.

அடுத்தது கணக்கு. நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. நூறில் ஒருவருக்கு மட்டுமே உள்ள நோயை ஆயிரம் பேரிடம் தேடினால், நோயுள்ள 10 பேரில் 9 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 990 பேரில் ஏறக்குறைய 50 பேருக்கும் "உண்டு" என்றே வரும். ஆக, பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் 59 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். அதே சோதனையை ஐவரில் ஒருவருக்கு நோய் இருக்கும் கூட்டத்தில் செய்தால், "உண்டு" என்று வந்த 220 பேரில் 180 பேர் உண்மையான நோயாளிகள். சோதனை மாறவில்லை, செய்துகொள்கிறவர்கள்தான் மாறினார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர் புற்றுநோய்க் குறிப்பானை வீட்டில் தேடிப்பார்ப்பதை நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம்.

சில நோய்களுக்கு வீட்டுச் சோதனை ஆபத்தும்கூட. நெஞ்சு வலித்தால் ஆம்புலன்சுக்கான 995ஐ அழைக்க வேண்டும். டிரோபோனின் இரத்தத்தில் ஏறவே சில மணி நேரம் ஆகலாம். மருத்துவமனையில் அதை இடைவெளி விட்டு மறுபடியும் எடுத்து, ஏறுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். முதல் சொட்டில் "இல்லை" என்று கண்டு படுத்துக்கொள்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டெங்கியிலும் இதே கதை. 2020இல் 35,000க்கு மேற்பட்டோரைத் தாக்கிய நோய் அது. காய்ச்சலின் முதல் சில நாள்களில் என்எஸ்1 புரதத்தைப் பட்டை காட்டும். நாள் தள்ளிப்போனாலோ, முன்பே ஒருமுறை டெங்கி வந்தவராக இருந்தாலோ அது தவறிவிடலாம். தவிர, காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் டெங்கி மோசமாகும். அப்போது பார்க்க வேண்டியவை இரத்தத்தட்டுகளும் இரத்த அழுத்தமும் வயிற்றுவலியும். அவை எந்தக் கோட்டிலும் தெரிவதில்லை.

சிங்கப்பூரில் இத்தகைய கருவிகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை நான்கு வகையாகப் பிரித்து ஒழுங்குபடுத்துகிறது. நோயறிவதற்காகப் படத்தைப் படித்து முடிவு சொல்லும் செயலியும் அதன் கண்ணில் மருத்துவச் சாதனமே. பதிவுபெற்ற சாதனங்களின் பட்டியலை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குமுன் அந்த ஒரு தேடலைச் செய்துவிடுவது நல்லது. செயலி நம் தகவலை எந்த நாட்டில் வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோன ஊர் இது.

எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. இந்தச் செயலிகளின் வழிகாட்டல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. நீரிழிவோடு இருபது ஆண்டு வாழ்ந்த எழுபது வயது அம்மா, மகள் வேலையிலிருந்து வரும் வரை பட்டையைத் தொடாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எழுத்து மட்டும் போதாது, தமிழில் பேசிச் சொல்லும் குரலும் வேண்டும். முடிவும் "உயர்வு" என்ற ஒற்றைச் சொல்லாக வராமல், அடுத்து யாரை, எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அந்த எண் அவர் கைபேசியிலேயே தங்கிவிடாமல் குடும்ப மருத்துவரின் பதிவுக்கும் போய்ச் சேர வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தால் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தங்களுக்கென ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. கைபேசிச் சோதனையை இணைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீர் ஆல்புமின் விகிதத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கடைசியாக அது எப்போது எடுக்கப்பட்டது, எண் என்ன என்று கேளுங்கள். எடுக்கவில்லையென்றால் அன்றே எடுக்கச் சொல்லலாம். நீரிழிவுச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்த முடியும். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே இந்தச் சோதனைக்குச் சிறந்தது என்பதால், அதற்கான குப்பியை முன்கூட்டியே மருந்தகத்தில் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.